இறங்கும்போது சேரும் ஓடை ஏறும்போது பிரியும்: ஆற்றுப் பள்ளத்தாக்கில் முதல் பகல் நடை

மலையில் முதலில் ஏறுகிறோம், களைத்த பிறகு இறங்குகிறோம். ஆற்றுப் பள்ளத்தாக்கில் இது தலைகீழ். காலையில் தெம்பாக இருக்கும்போது இறக்கம், கால் தளர்ந்த மாலையில் ஏற்றம். இதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். புதிதாகப் போகிறவர்களுக்குத் தெரியாத இன்னொன்று இருக்கிறது. மேல் விளிம்பிலிருந்து ஓர் ஓடைப்பள்ளம் வழியாக இறங்கும்போது, இடப்பக்கமும் வலப்பக்கமும் வேறு ஓடைகள் வந்து நம் வழியில் சேர்ந்துகொண்டே இருக்கும். அவற்றை நாம் கவனிப்பதில்லை, ஏனென்றால் கீழே போக ஒரே வழிதான். மாலையில் அதே தடத்தில் ஏறி வரும்போது, காலையில் சேர்ந்த இடம் ஒவ்வொன்றும் பிரியும் இடமாகிவிடுகிறது. இரண்டு வாய்கள், ஏறக்குறைய ஒரே அகலம், ஒரே நிறப் பாறை. எது நாம் வந்த வழி?

என் முதல் பள்ளத்தாக்கு நடையில் அப்படி ஒரு பிரிவில் தவறான கிளைக்குள் போய், முக்கால் மணி நேரம் ஏறி, செங்குத்தான உலர்ந்த அருவி ஒன்றின் அடியில் போய் நின்றேன். திரும்பி வந்து சரியான கிளையைப் பிடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. தண்ணீரும் தீர்ந்திருந்தது. அன்று தெரிந்திருக்க வேண்டியவற்றை, நடக்கிற வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

முந்தைய நாள்: வரைபடமும் பென்சிலும்

சம உயரக்கோடுகள், அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள், உள்ள வரைபடம் ஒன்று வேண்டும். ஓடையைக் குறுக்கே கடக்கும் இடத்தில் உயரக்கோடு அம்பு முனை போல் வளையும். அந்த முனை எப்போதும் தண்ணீர் வரும் பக்கத்தை, அதாவது மேட்டுப் பக்கத்தைக் காட்டும். இது ஒன்று பிடிபட்டால் எது ஓடை, எது மேடு என்ற குழப்பம் போய்விடும்.

இப்போது நீங்கள் இறங்கப் போகும் ஓடையை ஆற்றிலிருந்து விளிம்பு வரை, கீழிருந்து மேலாக, பென்சிலால் வரைந்துகொண்டே போங்கள். கிளை சேரும் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண் கொடுங்கள். ஏறும்போது எந்தக் கைப்பக்கம் போக வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள்: ஒன்று இடம், இரண்டு வலம், மூன்று வலம், இப்படி. மாலையில் களைத்த மூளைக்கு இந்தத் தாள்தான் உதவும். கைப்பேசியில் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், அது நல்லதுதான். ஆனால் உயர்ந்த சுவர்களுக்கு நடுவே வானம் ஒரு கீற்றாகத்தான் தெரியும். செயற்கைக்கோள் சமிக்ஞை பாறையில் பட்டுத் தெறித்து வருவதால், ஜிபிஎஸ் புள்ளி உங்களைப் பக்கத்து ஓடையில் நிறுத்திக் காட்டக்கூடும். இரண்டு கிளைகள் அடுத்தடுத்து இருக்கும் இடத்தில் அந்தப் பிழை போதும், வழி தவற.

ஆற்றின் கரையைச் சொல்லும் முறையையும் குழுவில் எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். நீர் ஓடும் திசையைப் பார்த்து நின்றால் வலக்கைப் பக்கம் இருப்பது வலக்கரை. நீங்கள் எதிரோட்டமாக நடந்தாலும் அதன் பெயர் வலக்கரைதான், உங்கள் இடக்கைப் பக்கம் இருந்தாலும்.

அப்புறம், பார்க்கப் போகும் பக்க ஓடைகள். ஒரு நாளுக்கு இரண்டு போதும், மூன்று மிக அதிகம். வரைபடத்தில் பத்துப் பதினைந்து தெரியும், எல்லாவற்றையும் பார்த்துவிட ஆசை வரும். அப்படிப் போனால் பத்து வாசல்களைப் பார்த்துவிட்டு வருவோம், எந்த வீட்டுக்குள்ளும் போயிருக்க மாட்டோம். கோடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் ஓடையில் நிதானமாக நடக்கலாம். கோடுகள் ஒட்டி ஒட்டி ஓடையைக் கடக்கும் இடத்தில் அருவியோ செங்குத்துப் படியோ இருக்கும். இதில் ஒரு பொறி உண்டு. கோடுகளுக்கு இடையே 20 மீட்டர் உயர வேறுபாடு உள்ள வரைபடத்தில், 15 மீட்டர் உயரமுள்ள ஒரு சுவர் இரண்டு கோடுகளுக்கு நடுவே தடமே தெரியாமல் ஒளிந்திருக்கலாம். ஆகவே வரைபடம் ‘போகலாம்’ என்று சொன்னாலும், நேரில் பார்த்த பிறகே அதை நம்புங்கள்.

கடைசியாக, எந்த ஓடை வழியாக இறங்குகிறீர்கள், எந்தெந்தக் கிளைகளைப் பார்க்கப் போகிறீர்கள், எத்தனை மணிக்கு மேலே வருவீர்கள், எத்தனை மணி தாண்டினால் மீட்புக் குழுவைக் கூப்பிட வேண்டும் என்று நம்பகமான ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். 2003 ஏப்ரலில் ஆரன் ரால்ஸ்டன் என்பவர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் புளூ ஜான் என்ற ஒடுங்கிய பள்ளத்தாக்கில் தனியாக இறங்கியபோது, பெயர்ந்து விழுந்த பாறையில் அவரது கை சிக்கிக்கொண்டது. எங்கே போகிறார் என்று யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஐந்து நாட்களுக்கு மேல் அங்கேயே கிடந்து, கடைசியில் தன் கையைத் தானே அறுத்துத்தான் உயிரோடு வெளியே வந்தார். அவர் அனுபவசாலி. முதல் முறை போகிற நாம் தனியாகவே போகக்கூடாது. மூன்று நான்கு பேர் இருந்தால், ஒருவருக்கு அடிபட்டாலும் ஒருவர் துணையிருக்க, மற்றவர் உதவிக்குப் போகலாம்.

தலைக்கு மேல் உள்ள வானம் போதாது

வானிலை அறிக்கையைப் பார்க்கும்போது நீங்கள் நடக்கும் இடத்துக்கு மட்டும் பார்த்தால் பயனில்லை. அந்த ஆற்றுக்கும் ஓடைகளுக்கும் எங்கெங்கிருந்து தண்ணீர் வடிகிறதோ, அந்த முழு நீர்ப்பிடிப்புப் பகுதிக்கும் பாருங்கள். 1997 ஆகஸ்ட் 12 அன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள கீழ் ஆன்டெலோப் பள்ளத்தாக்கில் சுற்றுலாப் பயணிகள் 11 பேர் வெள்ளத்தில் மாண்டார்கள். பல கிலோமீட்டர் தள்ளி மேட்டில் கொட்டிய மழை, ஆளொருவர் நுழையும் அளவு ஒடுங்கிய பாறை இடுக்குக்குள் திரண்டு வந்தது. வெறும் பாறையும் இறுகிய மண்ணும் தண்ணீரை உறிஞ்சுவதில்லை. பெய்தது அப்படியே ஓடி வரும்.

மேற்பகுதியில் எங்காவது இடிமழை வாய்ப்பு என்று இருந்தால், குறுகிய பக்க ஓடைகளை அன்றைக்கு விட்டுவிடுங்கள். முந்தைய நாள் பலத்த மழை என்றால் ஆற்றைக் கடப்பதையும் விட்டுவிடுங்கள். ஆற்றில் மேலே அணை இருந்தால், தண்ணீர் திறக்கும் நேரத்தை அதைப் பராமரிப்பவர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மழையே இல்லாத நாளிலும் நீர்மட்டம் சட்டென்று உயர அது ஒரு காரணம்.

பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் வனத்துறையோ பூங்கா அலுவலகமோ விதி வைத்திருக்கும். யூட்டாவின் சயான் தேசியப் பூங்காவில் வர்ஜின் ஆற்றுக்குள்ளேயே நடக்கும் புகழ்பெற்ற ‘நேரோஸ்’ பகுதியை, நீரோட்டம் நொடிக்கு 150 கன அடியைத் தாண்டினால் மூடிவிடுவார்கள். அது நொடிக்குச் சுமார் 4,250 லிட்டர். அத்தனை பழகிய இடத்திலேயே எண் வைத்து மூடுகிறார்கள் என்றால், தண்ணீரின் பலத்தை அவர்கள் எவ்வளவு பார்த்திருப்பார்கள் என்று யோசியுங்கள். அனுமதிச் சீட்டு, வழிகாட்டி துணை போன்ற விதிகளையும் அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நேரக் கணக்கு

1892இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். இது நல்ல பாதையில், உடல் பழகியவர்களுக்கு. பள்ளத்தாக்கின் அடியில் பாதை கிடையாது. உருண்டைக் கற்கள் மேல் தாவுவது, மணலில் கால் புதைவது, ஆற்றை ஆறேழு முறை கடப்பது எல்லாம் சேர்ந்து, மணிக்கு ஒன்றரை கிலோமீட்டர் போனாலே நல்ல வேகம்.

கணக்கை மாலையிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். சூரியன் மறைவது 6 மணி என்று வைத்துக்கொள்வோம். இறங்க ஒன்றரை மணி நேரம் என்றால், ஏற அதன் இரு மடங்கு, மூன்று மணி நேரம். எதிர்பாராததற்கு ஒரு மணி நேரம். ஆக, 2 மணிக்கு ஏறத் தொடங்கியே ஆக வேண்டும். காலை 6:30க்கு இறங்கத் தொடங்கினால் 8 மணிக்கு ஆற்றில் இருப்பீர்கள். கையில் ஆறு மணி நேரம். ஆற்றோர நடை, பக்க ஓடைகள், சாப்பாடு, உட்கார்ந்து தண்ணீரைப் பார்ப்பது எல்லாம் அதற்குள்தான். சுவர்கள் உயரமாக இருப்பதால் கீழே இருள் முன்னதாகவே கவியும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பையில்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஈரத்திலும் பாறையைப் பிடிக்கும் அடிப்பாகம் கொண்ட, கணுக்காலைத் தாங்கும் காலணி. செருப்பு வேண்டாம். ஆளுக்கு ஓர் உறுதியான கைத்தடி. வெயில் காலத்தில் நடக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை தண்ணீர், கூடவே உப்புள்ள தின்பண்டம் அல்லது உப்பு-சர்க்கரைக் கரைசல். வியர்வையில் உப்பை இழந்துவிட்டு வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால், இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைசுற்றலும் குழப்பமும் வரும். தலையில் மாட்டும் விளக்கு, பகல் நடையென்றாலும். விசில், முதலுதவிப் பொருட்கள், ஒரு மாற்று மேலாடை. கைப்பேசியையும் அந்த மேலாடையையும் தண்ணீர் புகாத உறையில் இறுகக் கட்டுங்கள்.

இறங்கும்போது திரும்பிப் பாருங்கள்

ஒவ்வொரு சந்திப்பிலும் நில்லுங்கள். முழுதாகத் திரும்பி, மாலையில் எந்தப் பக்கமிருந்து பார்ப்பீர்களோ அந்தப் பக்கமிருந்து பாருங்கள். ஒரு படம் எடுங்கள். தாளில் எழுதியதோடு ஒப்பிடுங்கள். சாய்ந்த மரம், சுவரில் கறுப்பு நீர்க்கறை, பசு படுத்ததுபோல் ஒரு பாறை, எது கண்ணில் பட்டாலும் வாய்விட்டுச் சொல்லுங்கள்: “மூன்றாவது பிரிவு, பசுப் பாறைக்கு வலப்பக்கம்.” வாய்விட்டுச் சொன்னது மாலை வரை நினைவில் நிற்கும், குழுவில் மற்றவர் காதிலும் விழுந்திருக்கும்.

மிக முக்கியமான சந்திப்பு உங்கள் ஓடை ஆற்றைத் தொடும் இடம். ஆற்றோரமாக இரண்டு கிலோமீட்டர் போய்விட்டுத் திரும்பி வருகிறவர்கள், தங்கள் ஓடையின் வாயைக் கவனிக்காமலே தாண்டிப் போய்விடுவது அடிக்கடி நடக்கும். அங்கே பத்து நிமிடம் செலவிடுங்கள். ஆற்றோரமாகக் கொஞ்ச தூரம் எதிரோட்டமாகவும் கொஞ்ச தூரம் நீரோடும் திசையிலும் நடந்து, இரண்டு பக்கமிருந்தும் அந்த வாய் எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். அடையாளத்துக்குக் கல் அடுக்கினால் வரும்போது கலைத்துவிடுங்கள். அடுத்தவரை அது வேறெங்காவது இழுத்துக்கொண்டு போகும்.

ஆற்றோரமாக

ஆறு நேராக ஓடுவதில்லை. வளைவின் வெளிப்பக்கத்தை அரித்து ஆழமாக்கும், உள்பக்கத்தில் மணலையும் கூழாங்கல்லையும் சேர்த்துத் திட்டாக்கும். அதனால் நடக்க எளிய இடம் எப்போதும் உள்வளைவுத் திட்டு. அடுத்த வளைவில் திட்டு அக்கரைக்கு மாறிவிடும். ஆகவே வளைவுக்கு வளைவு ஆற்றைக் கடக்க வேண்டியிருக்கும்.

எங்கே கடப்பது? இரண்டு வளைவுகளுக்கு நடுவே, ஆறு அகன்று, சலசலத்து, மேற்பரப்பு சிறு சிறு அலையாக உடையும் இடத்தில். அங்கேதான் ஆழம் குறைவு. குறுகலான, சத்தமில்லாத, கரும்பச்சையாகத் தெரியும் இடம் மடு. அதன் அமைதியைப் பார்த்து ஏமாறக்கூடாது. கடக்கும் இடத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். சறுக்கினால் மணல்திட்டில் ஒதுங்குவோமா, பாறை இடுக்கிலும் விழுந்த மரக்கிளைகளிலும் போய்ச் சிக்குவோமா? இரண்டாவது என்றால் அந்த இடம் வேண்டாம்.

இறங்கும் முன் பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பையை உதற முடிய வேண்டும். காலணியோடே இறங்குங்கள். முகம் எதிரோட்டத்தைப் பார்த்திருக்க, தடியை முன்னால் ஊன்றி, பக்கவாட்டில் ஒவ்வொரு காலாக நகர்த்துங்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதான் நகர வேண்டும், தடியோ ஒரு காலோ. மற்ற இரண்டும் தரையில் உறுதியாக இருக்கட்டும். முழங்காலுக்கு மேல் வேகமான நீர் என்றால் திரும்பிவிடுங்கள். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது நம்மைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். நல்ல வேகமாக ஓடும் நீர் 15 சென்டிமீட்டர் ஆழத்திலேயே ஆளைச் சாய்த்துவிடும்.

ஈர மணல் கால் பட்டவுடன் குழைந்து நடுங்கினால் அது புதைமணல். முழு ஆளை அது விழுங்காது, நம் உடல் அதைவிட இலேசு. ஆனால் காலை வெடுக்கென்று இழுத்தால் இன்னும் இறுகப் பிடிக்கும். பின்னால் சாய்ந்து எடையைப் பரப்பி, காலை மெல்ல மெல்ல ஆட்டி, சுற்றிலும் தண்ணீர் புகவிட்டு எடுங்கள்.

பக்க ஓடைகள்

இந்த நடையின் உயிரே இங்கேதான் என்பேன். பெரிய ஆறு எல்லோருக்கும் தெரியும், எட்டியிருந்தே கேட்கும். பக்க ஓடை உள்ளே வருகிறவருக்கு மட்டும்தான். ஒரு திருப்பம் தாண்டியதும் ஆற்றின் இரைச்சல் அறுந்துபோகும். காற்று குளிரும். சுவரில் தண்ணீர் கசிந்து பாசியும் பெரணியும் தொங்கும். பாறைக் குழியில் ஒரு சுனை, அதில் வானத்தின் ஒரு துண்டு.

நுழையும் முன் வாயிலில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். ஓடை வெளியே கொண்டுவந்து கொட்டிய கற்கள் விசிறிபோல் பரந்து கிடக்கும். அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு நெடுகிலும் தண்ணீர் கொந்தளித்துப் பாயும் இடங்களில் பெரும்பாலானவை, இப்படிப் பக்க ஓடைகள் தள்ளிவிட்ட பாறைக் குவியல்கள் ஆற்றை நெருக்குவதால் உண்டானவை. பெயர்கூட இல்லாத ஓடை ஒரே வெள்ளத்தில் வண்டி அளவு பாறைகளை உருட்டிவரும். விசிறியில் கிடக்கும் மிகப் பெரிய கல்லைப் பாருங்கள். அதை நகர்த்திய தண்ணீர் இந்த வாய் வழியாகத்தான் வந்தது.

அடுத்து சுவர்களில், தலைக்கு மேல் பாருங்கள். இடுக்கில் செருகிக்கொண்ட சுள்ளிகள், புல், காய்ந்த சேறு தெரிகிறதா? கடந்த வெள்ளம் அந்த உயரம் வரை நின்றிருக்கிறது. அது தலைக்கு மேல் மூன்று மீட்டரில் இருந்து, இரு பக்கமும் ஏற இடமில்லாமல் சுவர் வழவழப்பாக இருந்தால், அது துளி மேகமும் இல்லாத நாளுக்கான ஓடை. உள்ளே போகும்போதே “இங்கே ஏறலாம், அங்கே அந்தத் திண்டு” என்று தப்பும் இடங்களைக் குறித்துக்கொண்டே போங்கள். கடைசித் திண்டுக்கும் உங்களுக்கும் தூரம் கூடிக்கொண்டே போனால், அது திரும்புவதற்கான காரணம்.

போகப்போகப் படிபோன்ற பாறைகள் வரும், இடுக்கில் சிக்கி நிற்கும் பெருங்கற்கள் வரும். இங்கே ஒரே விதி: இறங்க முடியாததில் ஏறாதே. ஏறும்போது பிடி கண்ணுக்கு எதிரே இருக்கும். இறங்கும்போது கால் வைக்கும் இடம் வயிற்றுக்குக் கீழே மறைந்திருக்கும். சந்தேகம் என்றால் இரண்டு அடி ஏறி, அங்கிருந்தே இறங்கிப் பாருங்கள். தடுமாறினால் அன்றைய ஓடை அங்கே முடிகிறது. முடிந்த இடத்தில் உட்கார்ந்து பாருங்கள், அதற்காகத்தானே வந்தோம். கண்ணுக்குத் தெரியாத திண்டின் மேல் கை வைக்காதீர்கள். பாம்பும் தேளும் வெயில் தாழ அங்கேதான் இருக்கும். பாறைக் குழிகளில் குதிக்க வேண்டாம். ஆழம் தெரியாது, வழவழப்பான விளிம்பில் வெளியே ஏறவும் முடியாமல் போகலாம். சுவரில் வெளிறிய புதுத் தழும்பும், கீழே கூர்முனை மழுங்காத கல்துண்டுகளும் இருந்தால் கல் உதிரும் இடம் என்று பொருள். அங்கே சாப்பிட உட்கார வேண்டாம்.

பாறை ஓவியமோ செதுக்கலோ கண்ணில் பட்டால் தொடாமல் பாருங்கள், விரலின் எண்ணெய்ப்பசை அதைக் கெடுக்கும்.

தண்ணீர் வந்தால்

அறிகுறிகள்: தெளிந்த நீர் கலங்குவது, சுள்ளியும் சருகும் மிதந்து வருவது, நீர்மட்டம் விரலளவு உயர்வது, வறண்ட சுவரில் புதிதாக நீர் வழிவது, மேலிருந்து வண்டி வருவதுபோல் முழக்கம். ஒன்று தெரிந்தாலும் போதும். ஓடைநெடுகக் கீழ்நோக்கி ஓடாதீர்கள், வெள்ளம் உங்களைவிட வேகமாக வரும். பக்கவாட்டில் மேலே ஏறுங்கள். பை தடுத்தால் போட்டுவிடுங்கள். ஏறிய இடத்திலேயே இருங்கள். வடிய மணிக்கணக்காகலாம், ஓர் இரவும் ஆகலாம். ஓர் அலை போன பின் இன்னொன்று வரக்கூடும். வெள்ளம் வடியும் முன் ஆற்றைக் கடக்க முயன்றுதான் பலர் உயிரை விடுகிறார்கள். உதவி கேட்க விசிலை மூன்று முறை ஊதி, இடைவெளி விட்டு, மறுபடி மூன்று முறை ஊதுங்கள்.

குடிநீரும் கழிவும்

ஆற்று நீரை அப்படியே குடிக்காதீர்கள். ஒரு நிமிடம் கொதிக்க வையுங்கள், 2,000 மீட்டருக்கு மேற்பட்ட இடமானால் மூன்று நிமிடம். பச்சையாகப் பாசி படர்ந்த நீரை வடிகட்டினாலும் காய்ச்சினாலும் அதன் நச்சு போகாது. மலம் கழிக்க நீரிலிருந்து 60 மீட்டராவது விலகிக் குழி தோண்ட வேண்டும். ஒடுங்கிய பள்ளத்தாக்கில் அத்தனை தூரம் கிடைக்காது. அங்கே உறையில் கட்டி மேலே கொண்டுவருவது ஒன்றே வழி.

ஏற்றம்

2 மணி என்று முடிவு செய்தால் 2 மணி. மூன்றாவது ஓடை எவ்வளவு அழகாகக் கூப்பிட்டாலும் சரி. வெயில் கடுமையான ஊர்களில் பள்ளத்தாக்கின் அடி விளிம்பைவிட வெகுவாகச் சூடாக இருக்கும். கிராண்ட் கேன்யனில் இந்த வேறுபாடு 10 டிகிரி செல்சியஸுக்கு மேலும் போகும். ஏறும் முன் சட்டையையும் தொப்பியையும் ஆற்றில் நனைத்துக்கொள்ளுங்கள். குழுவில் மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும், அவர் வேகமே எல்லோர் வேகம். யாராவது வியர்ப்பதை நிறுத்திவிட்டாலோ, பேச்சு குழறினாலோ உடனே நிழலில் கிடத்தி, நீர் ஊற்றி விசிறி உடலைக் குளிர்வித்து, உதவிக்கு ஆள் அனுப்புங்கள்.

பிரிவு வந்தால், எல்லோரும் ஒரே பக்கம் காட்டினாலும் தாளை எடுத்துப் பாருங்கள். படத்தையும் பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டு பேர் சரியாகப் பத்து நிமிடம் ஏறிப் பார்த்துவிட்டு வரட்டும், மற்றவர்கள் சந்திப்பிலேயே நிற்கட்டும்.

மேலே வந்ததும் எழுதிக் கொடுத்தவரைக் கூப்பிட்டு வந்துவிட்டோம் என்று சொல்லுங்கள். அப்புறம் காலணியைக் கழற்றும் முன் அந்தத் தாளை ஒரு முறை விரியுங்கள். எந்தப் பிரிவில் தயங்கினீர்கள், வரைபடத்தில் இல்லாத சுவர் எங்கே இருந்தது, எந்தத் திண்டு வரை சுள்ளிகள் நின்றன என்று நினைவு இருக்கும்போதே பென்சிலால் குறித்துவிடுங்கள். இன்று விட்டுவந்த அந்த மூன்றாவது ஓடைக்குப் போகும்போது இந்தத் தாள் வேண்டியிருக்கும்.